அமுதாவுக்கு வராத காமாலை

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஷ்ரேயா என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த மூன்றாவது ஆள். பழைய ஃபைல்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். அதில் ஒரு சந்தேகம் என்று இந்தியில் கேட்டாள்: "மேடம், நம்ம வேலை ஏழைப் பிள்ளைகளைக் காலேஜில் சேர்த்துப் படிப்பை முடிக்க வைக்கிறது. நடுவில் மூணு வருஷம் மஞ்சள் காமாலைத் தடுப்புத் திட்டம்னு ஒண்ணு ஓடியிருக்கே, ஏன்? எந்த ஃபைல்லயும் காரணம் இல்லையே?"

"ஃபைலில் இருக்காது" என்றேன்.

"ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்களேன், ப்ளீஸ்."

ஒரு பக்கத்தில் அடங்காது. அதனால் அவளுக்கு அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா மாயவரத்திலிருந்து தணிக்கை அலுவலகக் குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்தவர். நான் கரோல்பாகில் பிறந்தேன். பி.ஏ., டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், பிறகு ஓர் அமைச்சகத்தில் ஏழு வருடம் ஸ்டெனோ. ஒரு காகிதம் எந்த மேஜையில் போய்ப் படுக்கும், அதை எப்படி எழுப்புவது என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பணத்தில் நடந்த அந்த அறக்கட்டளை என்னை எடுத்துக்கொண்டது இந்த ஒரு தகுதிக்காகத்தான். முதலில் உதவியாளர், பிறகு திட்ட அதிகாரி. அலுவலகம் நிஜாமுதீனில், வேப்பமரங்கள் நிறைந்த தெருவில் இருந்தது. அங்கிருந்து ஜங்புராவின் மதராசி கேம்புக்கு, சாக்கடையோரமாகத் தமிழ் ஜனங்கள் குடிசை போட்டு வாழ்ந்த இடத்துக்கு, நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே போக 'கள ஆய்வு' என்று அனுமதி வாங்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் ஆகும்.

எங்கள் இயக்குநர் மாத்தூர் சாஹிப். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் வந்ததும் ஆறு பென்சில்களைத் தானே சீவிக்கொள்வார். எந்தக் காகிதத்தையும் வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துத்தான் படிப்பார். அவரிடம் வேலை பார்த்த வருடங்களில் அவர் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இதை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கலாம், பத்மாஜி" என்பார். அப்படிச் சொல்லிவிட்டால் அந்தக் காரியம் இந்த ஜென்மத்தில் நடக்காது.

அவருக்கு உயிர் வினைச்சொற்களில்தான். அறிக்கையில் 'கொடுத்தோம்' என்று எழுதினால் பென்சிலால் வட்டம் போடுவார். "நாம் என்ன குருத்வாரா வாசலில் ரொட்டி கொடுக்கிறோமா?" என்பார். ஊக்குவித்தோம், வலுப்படுத்தினோம், வழிவகுத்தோம் என்று எழுத வேண்டும். ஒருமுறை 'நேரில் போய்ப் பார்த்தோம்' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் 'பலவீனம்' என்று குறித்து அனுப்பினார்.

எங்கள் நிதியுதவி தனி ஆளுக்குக் கிடையாது, கல்லூரிகளுக்குத்தான். கல்லூரி முதலில் ஒரு குறிப்பு அனுப்பும். பிறகு விண்ணப்பம். அதோடு நான்கு பத்திகள் கொண்ட ஒரு பெரிய அட்டவணை: என்ன செய்வோம், என்ன விளையும், எப்படி நிரூபிப்போம், எதை நம்பி இருக்கிறோம். அந்த நான்காவது பத்தியை யாரும் யோசித்து எழுதியதில்லை. 'மாணவர்கள் தவறாமல் வகுப்புக்கு வருவார்கள்' என்று ஒரு வாக்கியம் பழைய விண்ணப்பத்திலிருந்து புதிய விண்ணப்பத்துக்கு வந்துகொண்டே இருக்கும். நானே எத்தனையோ தடவை அதை டைப் அடித்திருக்கிறேன்.

தெற்கு டெல்லியில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு இப்படி ஒரு நிதியுதவி போனது. குடிசைப் பகுதிப் பெண்களைச் சேர்த்து மூன்று வருடம் தக்கவைப்பது நோக்கம். சேர்ந்தார்கள். நிலைக்கவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க பம்பாயிலிருந்து ஓர் ஆலோசகரை விமானத்தில் வரவழைத்தோம். நான்கு நாள் தங்கி, 'ஆர்வமின்மை' என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு மருந்தாக ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்கு வைத்தோம். சூட் போட்ட ஒருவர் வந்து பெண்களைக் கண்ணை மூடச் சொல்லி, மலை உச்சியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு வந்த பெண்கள். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். 'பங்கேற்பாளர்கள் ஆழ்ந்த அமைதியை அனுபவித்தனர்' என்று அறிக்கை வந்தது. மாத்தூர் சாஹிப் அதில் எந்த வட்டமும் போடவில்லை.

அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு ஜனவரியில் பட்டியல் வந்தது. வருகை போதாததால் தேர்வு எழுத முடியாதவர்கள். ஒரு பெயருக்கு எதிரே பிரின்சிபால் தன் கையால் எழுதியிருந்தார்: 'மதிப்பெண்ணில் வகுப்பில் முதல், வருகையில் கடைசி.' பெயர் அமுதா. இரண்டாம் ஆண்டு வரலாறு. முகவரி மதராசி கேம்ப்.

வரச் சொன்னேன். ஒல்லியாக, பச்சை சல்வார் கமீஸில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். படிப்பைத் தொடர முடியாத காரணத்தைக் குறிக்க எங்களிடம் ஒரு படிவம் உண்டு. ஆர்வமின்மை, குடும்ப எதிர்ப்பு, திருமணம், உடல்நலம், மற்றவை. அவள் 'மற்றவை'யில் டிக் அடித்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: டேங்கர்.

"என்னம்மா இது?"

"தண்ணி வண்டி ஆன்ட்டி. ஆட் பஜே, எட்டு மணின்னு சொல்வாங்க, ஒன்பதுக்கும் வரும், பத்துக்கும் வரும். அப்பா அஞ்சு மணிக்கே ரோடு பெருக்கப் போயிடுவாரு. அம்மா ஜங்புரால வீட்டு வேலைக்குப் போயிடும். நான்தான் பிடிக்கணும். பிடிச்சு வெச்சிட்டு பஸ் ஏறினா ரெண்டு பீரியட் போயிடும்." விழுப்புரத்துத் தமிழும் டெல்லி இந்தியும் கலந்த பேச்சு.

அனுமதிக்குக் காத்திராமல் மறுநாள் காலை நானே நடந்து போனேன். ஒன்பதே காலுக்கு டேங்கர் வந்தது. நிற்பதற்கு முன்பே பெண்கள் அதன் மேல் ஏறிவிட்டார்கள். எல்லார் கையிலும் ரப்பர் குழாய். அமுதா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மேலே நின்றாள். குழாயின் ஒரு முனையை டேங்கருக்குள் போட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, ஒரு வாய் துப்பிவிட்டு, தண்ணீர் வந்ததும் கீழே இருந்த நீலக் கேனில் செருகினாள். பக்கத்துப் பெண் அவள் குழாயைப் பிடுங்கினாள். இவள் ஒரு தள்ளு தள்ளினாள். ஆறு கேன் நிரம்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. எங்கள் ஆலோசகர் கண்ட ஆர்வமின்மை அங்கே எங்குமே இல்லை.

மாத்தூர் சாஹிபுக்குக் குறிப்பு எழுதினேன். ஸ்கேல் 'டேங்கர்' என்ற வார்த்தையில் நின்றது.

"பெட்ரோலா?"

"தண்ணீர், சார்."

"தண்ணீர் நம்ம துறை இல்லையே, பத்மாஜி." தண்ணீருக்கென்று ஒரு சகா மாடியில் இருந்தார். அவரிடம் போனேன். அவருடைய தண்ணீர் ராஜஸ்தானில் மட்டும்தான் ஓடும் என்று தெரிந்தது. திரும்பி வந்தேன். "தண்ணீர் வாரியத்துக்கு ஒரு போன் போட்டு, டேங்கரை ஆறு மணிக்கு அனுப்பச் சொல்லலாம் சார்" என்றேன். அவர் பென்சிலை மூக்கில் தட்டிக்கொண்டார். "சொல்லலாம். ஆனால் அறிக்கையில் அதற்கு என்ன வினைச்சொல் போடுவது? போன் செய்தோம் என்றா? தண்ணீருக்கும் பட்டத்துக்கும் உள்ள உறவை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கலாம். ஆலோசகரைக் கூப்பிடுங்கள்."

ஆலோசகருக்கு ஏப்ரலில்தான் நேரம் இருந்தது. தேர்வும் ஏப்ரலில்தான்.

பிரின்சிபாலைப் பார்க்க அமுதாவை அழைத்துக்கொண்டு போனேன். நல்ல மனுஷி. விதிப்புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நோய் என்றால் விலக்கு உண்டு. விளையாட்டு, என்.சி.சி., வீட்டில் சாவு, இவற்றுக்கும் உண்டு. "தண்ணீருக்கு இல்லை, பத்மாஜி. நான் என்ன செய்ய? ஒரு மெடிக்கல் கொண்டுவந்துவிடுங்கள்" என்றார், பரிவோடு.

வெளியே வந்ததும் அமுதா கேட்டாள். "எனக்கு என்ன நோய் ஆன்ட்டி?"

ஆர்.கே. புரத்தில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் டாக்டர் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மெனு கார்டு பார்ப்பதுபோல் யோசித்தார். "டைஃபாய்டுக்கு மூணு வாரம்தான் போட முடியும்மா. ஜாண்டிஸ்னா ரெண்டு மாசம் தாராளமாப் போடலாம்."

"ஜாண்டிஸ் வேணாம் ஆன்ட்டி" என்றாள் அமுதா. "வேற எதுனா போடச் சொல்லுங்க. காமாலைன்னு தெரிஞ்சா எங்க அம்மாவைப் பாத்திரம் தொட விடமாட்டாங்க. வேலை போயிடும்."

"யாருக்குடி தெரியப் போறது? காலேஜ் ஃபைல்ல ஒரு காகிதம், அவ்வளவுதானே" என்றேன் நான். ஏழு வருடம் அமைச்சகத்தில் இருந்தவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? காகிதம் எப்படியெல்லாம் நடக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யார்? ஆனால் எனக்கு அன்றைக்கு அவசரம். அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற அவசரம், காப்பாற்றியது நான்தான் என்ற சந்தோஷம்.

அமுதா தேர்வு எழுதினாள். அந்த வருடமும் முதல். மூன்றாம் ஆண்டில் காமாலை 'மறுபடியும் வந்தது'.

இதற்கிடையில், அவள் இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதிய அதே ஏப்ரலில், ஆலோசகர் வந்துவிட்டார். தண்ணீருக்கும் பட்டத்துக்கும் உள்ள உறவைப் பார்க்க வந்தவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. கேம்புக்குப் போகாமல் கல்லூரியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஃபைல்களைப் படித்தார். வருகை குறைந்தும் தேர்வு எழுதியவர்களின் ஃபைல்களில் மருத்துவச் சான்றிதழ்கள் இருந்தன. பிரின்சிபால் அந்த யோசனையை அமுதாவோடு நிறுத்தவில்லைபோல; பெரும்பாலும் காமாலைதான். அசுத்தத் தண்ணீர், அதனால் காமாலை, அதனால் படிப்பு நிற்கிறது என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைந்துகொடுத்தார். மாத்தூர் சாஹிப் மகிழ்ந்துபோனார். அவர் தேடிக்கொண்டிருந்த வினைச்சொல் கிடைத்துவிட்டது: பாதுகாத்தோம்.

என்னிடம் கருத்துக் கேட்டார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டர் மாட்டுவார், பிரின்சிபால் மாட்டுவார், அமுதாவின் தேர்வு ரத்தாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நானும் மாட்டுவேன் என்பதை அந்தப் பட்டியலில் கடைசியாக வைத்தேன்.

மூன்று வருடத் திட்டம் தொடங்கியது. கல்லூரியில் சுவரொட்டி. மதராசி கேம்பில் ஷாமியானா போட்டு ஊசி முகாம். முகாம் இரண்டு நாளில் முடிந்தது. ஆனால் பணம் கொடுத்தவர்களின் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்பது விதி. அதனால் 'மஞ்சள் காமாலைத் தடுப்புப் பகுதி, மதராசி கேம்ப்' என்று இந்தியில் எழுதிய மஞ்சள் பலகை கேம்ப் வாசலிலேயே நின்றது. ஜங்புரா மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துக்கொண்டே போனார்கள்.

ஒரு மாதம் கழித்து அமுதா அலுவலகத்துக்கு வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"அம்மாவை ரெண்டு வீட்டுல நிறுத்திட்டாங்க ஆன்ட்டி. உங்க இடத்துல பீமாரி இருக்காமே, வராதேன்னுட்டாங்க. நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. நீ டிகிரி வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

டிகிரி வாங்கினாள். அந்த நவம்பரில் அறங்காவலர்கள் வந்தார்கள். டெல்லி வெயில் இதமாக இருக்கும் மாதத்தில்தான் அவர்கள் எங்கள் ஏழ்மையைப் பார்வையிட வருவது வழக்கம். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் கூட்டம். வெற்றிக் கதை ஒன்று வேண்டும் என்று மாத்தூர் சாஹிப் கேட்டார். ஃபைலில் இருந்த கதைகளில் எல்லா அம்புக்குறிகளும் சேருமிடம் அமுதாதான். வருவாளா என்று சந்தேகப்பட்டேன். கூப்பிட்டதும் சரி என்றாள். ஏன் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அறங்காவலர் குழுத் தலைவி வெள்ளைக்கார மூதாட்டி. கனிவான முகம். அமுதா எழுந்து நின்றதும், "வேண்டாம், அவள் தன் சொந்த மொழியிலேயே பேசட்டும். அதில்தான் உண்மை இருக்கும்" என்றார். அறையில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மாத்தூர் சாஹிப் என்னைப் பார்த்தார். நான் எழுந்து அமுதாவின் பக்கத்தில் நின்றேன், மொழிபெயர்க்க. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

அமுதா நிதானமாகப் பேசினாள். "எனக்குக் காமாலை வரவே இல்லைங்க. காலையில தண்ணி வண்டி லேட்டா வரும். அதைப் பிடிச்சுட்டுப் போறதுக்குள்ள கிளாஸ் போயிடும். அவ்வளவுதான் என் கஷ்டம். நீங்க வெச்ச போர்டால எங்க அம்மாவுக்கு ரெண்டு வீட்டு வேலை போச்சு. எங்க வீட்டுல நோய் இல்லன்னு ஒரு லெட்டர் கொடுங்க. போர்டை எடுத்துடுங்க."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "காலை நேரத்து வீட்டுச் சுமைகளும் உடல்நலம் சார்ந்த சிக்கல்களும் தன் படிப்புக்குத் தடையாக இருந்ததாக அமுதா சொல்கிறாள். அறக்கட்டளையின் திட்டம் தன் குடும்பத்தின் வாழ்க்கையில் பெரிய மாற்றத்தை ஏற்படுத்தியிருக்கிறதாம். இந்த உறவு எழுத்துபூர்வமாகத் தொடர வேண்டும் என்று விரும்புகிறாள்."

இருபது வருட வேலையில் நான் இவ்வளவு தேர்ந்த வாக்கியங்களை எழுதியதில்லை. முழுப்பொய் என்று ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. கைதட்டினார்கள். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமுதா உட்காரவில்லை. கைதட்டல் ஓயும்வரை நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்: "மேடம், நான் இப்படிச் சொல்லவில்லை."

அதுவரை அவளுக்கு நான் ஆன்ட்டி.

மூன்று வருடம் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் தேர்வு எழுதிப் பட்டம் வாங்கியவள் என்றுதான் அவளைப் பாராட்டக் கூடியிருந்தோம். அவளுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டேங்கர், சான்றிதழ், பலகை, அம்மா எல்லாவற்றையும் அவளே சொல்லி முடித்தாள். ஓரிரு இடத்தில் இலக்கணம் தடுக்கியது. யாரும் வட்டம் போடவில்லை.

தலைவி மாத்தூர் சாஹிபைப் பார்த்தார். மாத்தூர் சாஹிப் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு அடியில் ஆளில்லை.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. என்னை நீக்கினால் ஃபைலில் காரணம் எழுத வேண்டும். எழுதினால் திட்டம் பொய்யென்று ஆகும். மறுநாள் மாத்தூர் சாஹிப் என்னை வைத்துக்கொண்டே தண்ணீர் வாரியத்திலிருந்த தன் பழைய ஜூனியருக்குப் போன் செய்தார். மூன்று நிமிடம். அடுத்த வாரத்திலிருந்து டேங்கர் காலை ஆறு மணிக்கு வந்தது. அந்த ஜூனியர் மாற்றலாகிப் போகும்வரை, ஏழு மாதம். எங்கள் அறக்கட்டளை செய்த உருப்படியான காரியம் அது. எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை. மஞ்சள் பலகையை எடுத்துவிட்டோம். காமாலைத் திட்டம் மட்டும், அனுமதி வாங்கிவிட்டதால், மூன்று வருடமும் முழுதாக ஓடியது. ஷ்ரேயா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அமுதா பி.எட். முடித்து அரசுப் பள்ளி ஆசிரியை ஆனாள். இப்போது டெல்லியிலேயே, துவாரகா பக்கம் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. அதில் தவறு சொல்ல எனக்கு வாயில்லை.

அவள் கேட்ட கடிதம்தான் கடைசிவரை வரவில்லை. மாத்தூர் சாஹிப் ஆறு வரைவு எழுதினார். ஒருவருக்கு நோய் இல்லை என்று சான்றளிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை என்று சட்ட ஆலோசகர் ஆறையும் திருப்பி அனுப்பினார். நோய் இருக்கிறது என்று பலகை வைக்க அந்த அதிகாரம் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். அது வேறு பிரிவு என்றார்.

கடைசியில் கடிதம் இல்லாமலே, ஒரு சனிக்கிழமை, அமுதாவின் அம்மா அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு ஜங்புராவுக்கு நானே போனேன். முதல் வீட்டில் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, வேறு ஆள் வைத்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் வயதான பஞ்சாபி அம்மா வாசல் வெயிலில் கட்டில் போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த நல்ல இந்தியில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொய்ச் சான்றிதழ் வாங்கியது நான், பலகை எங்களுடையது, இவள் வீட்டில் யாருக்கும் எந்த நோயும் வந்ததில்லை, தப்பு முழுக்க என் பேரில் என்று.

அந்த அம்மா பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் முழுக்கக் கேட்டார். "அச்சா. பீமாரி இல்லையே? அப்போ வரட்டும், இன்னிக்கே" என்றார். பிறகு நிமிர்ந்து என் காட்டன் புடவையையும் காலையும் ஒரு பார்வை பார்த்தார். "நீயும் மதராசிதானே? மாடி வீட்டுக்காரங்களும் ஆள் தேடறாங்க. நீ வர்றியா?"

நான் யாரென்று சொல்ல வாயைத் திறந்தேன். அஞ்சலை முந்திக்கொண்டாள்.

"இவங்களுக்கு இந்த வேலையெல்லாம் வராது, பீபிஜி" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து உள்ளே போனாள்.